வெளிநாட்டில் பிள்ளைகள் இல்லம்: மிஷனரி குடும்பத்துக்கு ஒரு நாள் எப்படிப் போகும்?

புதுப்பயணி
8 ஜனவரி 2024, காலை 6.10

நானும் மனைவியும் அடுத்த ஆண்டு வெளிநாட்டுப் பணித்தளத்துக்குப் போகிறோம். பெற்றோர் இல்லாத பிள்ளைகள் இருபது பேர் இருக்கிற இல்லம். எங்களுக்கு ஏழு வயதில் ஒன்று, நாலு வயதில் ஒன்று. சபையில் கேட்டால், "அழைப்பு இருக்கு, அன்பு இருக்கு, மத்ததைக் கர்த்தர் பார்த்துக்குவார்" என்கிறார்கள். சரிதான். ஆனால் விடிந்தால் அடைந்தால் அங்கே என்னதான் வேலை? எங்கே சறுக்கும்? தெரிந்தவர்கள் ஒளிக்காமல் சொல்லுங்கள்.

பழையசெருப்பு
8 ஜனவரி 2024, இரவு 9.40

பாதி நாள் காகிதத்துக்குப் போகும், கால்வாசி துணிக்கு, மீதி காத்திருப்புக்கு. அலுவலக வாசல், மருத்துவமனை வரிசை, வங்கி. பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசுவது இதெல்லாம் போக மிஞ்சுகிற நேரத்தில்தான். தெரிந்து போனால் ஏமாற்றம் இருக்காது.

சபையில் சொன்ன அன்பை நான் மறுக்கவில்லை. ஆனால் வீட்டைப் பிரிந்த பிள்ளையிடம் அது போய்ச் சேர ஒரே வழிதான் உண்டு. தினமும் அதே ஆள், அதே நேரம், வருஷக்கணக்கில். காலையில் எழுப்பினவரே இரவில் போர்த்திவிட வேண்டும். அந்த ஆளாக நீங்கள் இருக்க முடியாது. விசா முடியும், ஊரில் அப்பா அம்மாவுக்கு முடியாமல் போகும், உங்கள் பிள்ளைக்குப் படிப்பு வரும். கிளம்பிவிடுவீர்கள். ஆகவே அது அந்த நாட்டு ஆளாக இருக்க வேண்டும். அவர் வேலையை விட்டுப் போகாதபடி பார்த்துக்கொள்வதுதான் உங்கள் ஊழியம். இதற்கு மனசு ஒப்பவில்லை என்றால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

பழையசெருப்பு
9 ஜனவரி 2024

நேற்றையதை விரித்துச் சொல்கிறேன். இருபது பேரை ஒரே கூடத்தில் வைத்து எட்டு மணி நேர ஷிஃப்ட் போட்டால் கணக்கு என்ன ஆகும் பாருங்கள். ஒரு நாளைக்கு மூன்று பேர். வார விடுமுறைக்கு மாற்று ஆள், நோய் விடுப்புக்கு இன்னொரு ஆள். ஒரே வாரத்தில் ஐந்தாறு கைகள் மாறும். வேலையை விட்டுப் போகிறவர்களையும் சேர்த்தால் வருஷ முடிவில் யார் முகமும் பிள்ளை மனதில் தங்காது. யாரும் அடிக்கவில்லை, பட்டினி போடவில்லை, ஆனாலும் பிள்ளை கெட்டுப்போகும்.

செய்ய வேண்டியது இது. ஏழு, ஏழு, ஆறு என்று மூன்று வீடு. உடன்பிறந்தவர்கள் கண்டிப்பாக ஒரே வீட்டில். வயதைக் கலக்கலாம், ஆனால் அது பகலுக்கு மட்டும். இரவில் பெரிய பையன்களுக்குத் தனி அறை. வீட்டுக்கு ஒரு இல்லத் தாய், அங்கேயே தங்குகிறவர். அவருக்கு வார விடுமுறையிலும் ஆண்டு விடுப்பிலும் மாற்றாக வருவது எப்போதும் அதே ஒருவர்தான். வீட்டுக்கு வீடு மாற்றி அனுப்பக் கூடாது. தாய் விடுப்பில் போகும் தேதியைச் சுவர் நாள்காட்டியில் பிள்ளைகளே வட்டம் போடட்டும், திரும்பும் தேதியையும் சேர்த்து. மாற்று ஆள் முந்தைய இரவே வந்து தங்கிவிட வேண்டும். காலையில் கண் விழிக்கும்போது ஒருவர் காணாமல் போய் இன்னொருவர் நிற்பதுதான் பிள்ளையை உலுக்குகிற விஷயம்.

வீட்டுக்கு ஒரு ஒப்படைப்பு நோட்டு வேண்டும். தூங்கியது, சாப்பிட்டது, வயிறு, அழுதால் என்ன காரணம், கொடுத்த வாக்கு. கடைசிப் பத்தியைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள். "ஞாயிற்றுக்கிழமை உன் செருப்பைத் தைத்துத் தருகிறேன்" என்று தாய் சொல்லியிருப்பார். மாற்று ஆளுக்குத் தெரியாமல் போனால் அந்த ஞாயிறு வீணாகும். சின்ன விஷயம்தானே என்று தோன்றும். இந்தப் பிள்ளைகள் பெரியவர்களை எடை போடுவதே அதை வைத்துத்தான்.

இல்லத் தாய்க்குப் பூட்டுள்ள தனி அறை, தேதி தவறாத சம்பளம், வாரத்தில் ஒரு முழு நாள் ஓய்வு. நன்கொடை குறைந்த மாதத்தில் முதலில் வெட்டப்படுவது அவர் சம்பளம்தான் என்றால் அந்த இல்லத்தை மூடிவிடலாம்.

மாத்திரைடப்பா
11 ஜனவரி 2024

நர்ஸ் கண்ணுல இருந்து சொல்றேன். வெளிநாடுன்னதும் எல்லாரும் மலேரியாவுக்குத்தான் பயப்படறாங்க. கொசுவலை, தடுப்பு மாத்திரை எல்லாம் வேணும்தான், அதை அங்கத்த டாக்டர் சொல்லுவார். ஆனா இல்லத்தை ராத்தூக்கமில்லாம ஆட்டி வைக்கிறது சிரங்கு, தோலுக்குள்ள புகுற கண்ணுக்குத் தெரியாத பூச்சியால வர்ற சொறி.

ஒரு பிள்ளை விரல் இடுக்குல சொறிஞ்சா அந்த ஒரு பிள்ளைக்கு மட்டும் மருந்து போடுவாங்க. ரெண்டு வாரத்துல திரும்ப வரும், மருந்து சரியில்லைன்னு வேற மருந்து மாத்துவாங்க. தப்பு மருந்துல இல்லை. முதல் தடவை தொத்தினவங்களுக்கு அரிப்பு தெரியவே நாலு வாரத்துக்கு மேல ஆகலாம். அரிக்காதவங்ககிட்டயும் பூச்சி இருக்கும். அதனால ஒரே ராத்திரியில வீட்டுல எல்லாருக்கும் போடணும். பிள்ளைகள், இல்லத் தாய், மாற்று ஆள், சமையல்காரர், உங்க குடும்பம் நாலு பேர், யாரையும் விடாம.

பெர்மெத்ரின் 5% கிரீம். குளிச்சு, தோல் காய்ஞ்சு, உடம்பு சூடு தணிஞ்ச பிறகு கழுத்துல இருந்து உள்ளங்கால் வரைக்கும். நகத்தை ஒட்ட வெட்டிட்டு நகத்துக்கு அடியில, தொப்புள்ல, விரல் இடுக்குல, இடுப்புப் பட்டை படற இடத்துல. கைக்குழந்தைக்கு மட்டும் தலைக்கும் சேர்த்து, கண்ணு வாயை விட்டு. ரெண்டு மாசத்துக்குக் குறைஞ்ச குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் டாக்டரைக் கேட்காம போடாதீங்க. 8 முதல் 14 மணி நேரம் உடம்புல இருக்கணும். ராத்திரியில யாராவது கை கழுவினா கைக்கு மறுபடி போடணும், பல இல்லங்கள்ல இங்கதான் ஓட்டை. காலையில குளிப்பாட்டி, துவைச்ச துணி, துவைச்ச விரிப்பு. துணியை வெந்நீர்ல துவைக்கணும். துவைக்க முடியாத பொம்மை, தலையணையைப் பையில கட்டி ஒரு வாரம் தள்ளி வைங்க, பூச்சி உடம்பை விட்டு வெளிய ரெண்டு மூணு நாளுக்கு மேல பிழைக்காது. ஏழாம் நாள் எல்லாத்தையும் மறுபடி முதல்ல இருந்து.

அதுக்கப்புறமும் ரெண்டு மூணு வாரம் அரிக்கும். செத்த பூச்சிக்குத் தோல் காட்டற கோபம் அது. பயந்து போய் தினமும் மருந்து பூசினா தோல் புண்ணாயிடும்.

மாத்திரைடப்பா
11 ஜனவரி 2024, கொஞ்ச நேரம் கழிச்சு

பேதியை விட்டுட்டேன். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் எப்பவும் கையில இருக்கணும். தீர்ந்து போனா சுத்தமான 1 லிட்டர் தண்ணியில தலை தட்டின 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பு கூடினா ஆபத்து, அதனால அளவுக் கரண்டியை அந்த டப்பாவோடயே கட்டி வைங்க. கூடவே துத்தநாக மாத்திரை 10 முதல் 14 நாள்: ஆறு மாசத்துக்குக் கீழ 10 மி.கி., மேல 20 மி.கி. பேதி நின்னதும் மாத்திரையை நிறுத்திடாதீங்க. ரத்தம் கலந்தா, கண்ணு குழி விழுந்தா, குடிக்க முடியாம துவண்டா வீட்டு வைத்தியம் வேண்டாம், நேரா ஆஸ்பத்திரி.

பால்பவுடர் கிருமி நீக்கினது இல்லை, டப்பா மூடியிருந்தாலும். தண்ணி கொதிச்சு இறக்கி 30 நிமிஷத்துக்குள்ள, அதாவது 70 டிகிரிக்குக் குறையறதுக்கு முன்னாடி பவுடரைக் கலக்கணும். அப்புறம் ஆத்திக் கொடுக்கணும். ரெண்டு மணி நேரத்துக்குள்ள குடிக்காததைக் கொட்டிடுங்க. ராத்திரிக்குன்னு மொத்தமா கலக்கி வைக்கிற பழக்கம் கைக்குழந்தை இருக்கிற இல்லத்துல அறவே கூடாது. பாட்டிலைத் தலையணையில சாய்ச்சு வாயில வச்சிட்டுப் போறதும் கூடாது. மூச்சுத் திணறும்கிறது ஒண்ணு. பால் குடிக்கிற நேரம்தான் அந்தக் குழந்தை ஒருத்தர் முகத்தைப் பார்க்கிற நேரம், அதையும் பறிச்சா என்ன மிச்சம்?

புதுசா வர்ற பிள்ளை ரொம்ப மெலிஞ்சிருந்தா பாவம்னு வயிறு முட்டக் கொடுத்துடாதீங்க. 6 மாசத்துல இருந்து 5 வயசு வரைக்கும் மேல்கை நடுச் சுற்றளவு 115 மி.மீ.க்குக் கீழ இருந்தா கடும் ஊட்டக் குறைவு. அதோட ரெண்டு பாதமும் வீங்கி அமுக்கினா குழி விழுந்தாலோ, சாப்பாட்டு ஆசையே இல்லைன்னாலோ ஆஸ்பத்திரியில சேர்க்கணும். அங்க ஆரம்பத்துல கொஞ்சம் கொஞ்சமாத்தான் கொடுப்பாங்க. திடீர்னு நிறைய போனா ரத்தத்துல உப்புச் சத்துகள் தாறுமாறாகி இதயம் நின்னு போகலாம். இரும்புச் சத்து டானிக்கும் முதல் நாட்கள்ல கூடாது.

பழையசெருப்பு
12 ஜனவரி 2024

மாத்திரைடப்பா சொன்ன சிரங்குக்கு ஒரு சலவைக் குறிப்பு. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நிற நூல். சட்டைக் கழுத்துப் பட்டியில், துண்டு ஓரத்தில், விரிப்பு மூலையில் அதே நிறத்தில் நாலு தையல். மார்க்கர் மை துவைத்துத் துவைத்துப் போய்விடும். எழுதப் படிக்கத் தெரியாத பிள்ளைக்கும் நிறம் தெரியும். பல் துலக்கும் பிரஷ்ஷின் பிடியிலும் அதே நூலைச் சுற்றிப் பசை தடவலாம். இருபது பேருக்கு இருபது நிறம் கிடைக்காது, இரண்டிரண்டு நிறமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே நிறத்துக்கு ஐந்து பேர் மல்லுக்கு நிற்பார்கள், சீட்டுக் குலுக்கிவிடுங்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக 'இது என்னுடையது' என்று ஒரு பொருளைப் பிடித்துக்கொள்கிற பிள்ளை அந்த நூலை எப்படிப் பார்த்துக்கொள்ளும் என்பதை நேரில் பாருங்கள்.

புதுப்பயணி
15 ஜனவரி 2024

அக்கா, அண்ணே, ரொம்ப நன்றி. பிரிண்ட் எடுத்து வைத்துவிட்டோம். ஒரு சந்தேகம். இவர்கள் எல்லோருமே யாரும் இல்லாதவர்கள்தானே? அவர்களுக்கு நாங்களே அப்பா அம்மாவாக இருக்க நினைக்கிறோம். உங்கள் முதல் பதிவு கொஞ்சம் உறுத்துகிறது.

பழையசெருப்பு
15 ஜனவரி 2024, இரவு

உறுத்தட்டும். உலக அளவில் இல்லங்களில் இருக்கிற பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பெற்றோரில் ஒருவராவது உயிரோடு இருக்கிறார். யுனிசெஃப் கணக்கில் அப்பா, அம்மா இருவரில் ஒருவர் இறந்தாலே அந்தப் பிள்ளை அநாதைப் பட்டியலில் வந்துவிடும். கோடிக்கணக்கில் சொல்லப்படும் எண்ணிக்கை அப்படி வருவதுதான். வறுமை, நோய், பள்ளி தூரம், மறுமணம், இவைதான் பிள்ளையை இல்லத்து வாசலுக்குக் கொண்டு வருகின்றன. 2009-ல் ஐ.நா. பொதுச்சபை ஏற்றுக்கொண்ட மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டுதல்கள் இதைத் தெளிவாகவே சொல்கின்றன. வறுமை ஒன்றையே காரணமாகக் காட்டிப் பிள்ளையைக் குடும்பத்திலிருந்து பிரிக்கக் கூடாது, மூன்று வயதுக்கு உட்பட்டவர்கள் குடும்பச் சூழலில்தான் வளர வேண்டும், உடன்பிறந்தவர்களைப் பிரிக்கக் கூடாது.

ருமேனியத் தலைநகர் புக்கரெஸ்டில் 2000-ஐ ஒட்டித் தொடங்கிய ஆய்வைத் தெரிந்துகொள்ளுங்கள். காப்பகங்களில் இருந்த 136 குழந்தைகளில் பாதிப் பேரைக் குலுக்கல் முறையில் வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பினார்கள். அப்படிப் போனவர்களின் அறிவு வளர்ச்சி கூடியது. அதிலும் இரண்டு வயதுக்கு முன் போனவர்கள் நன்றாகத் தேறினார்கள். காத்திருக்கிற ஒவ்வொரு மாதத்துக்கும் விலை உண்டு என்பதுதான் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது.

போன முதல் வாரம் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று. இந்த இருபது பேரில் யாருக்குப் பாட்டி இருக்கிறார், யாருக்கு அத்தை, சித்தி, மாமா இருக்கிறார்கள்? பதில் கோப்பில் இருக்க வேண்டும். இருக்காது.

பழையசெருப்பு
17 ஜனவரி 2024

அந்தக் கோப்பு.

ஒரு பிள்ளைக்கு ஒரு கோப்பு. சேர்ந்த நாள் புகைப்படம், முழு உருவமும் முகமும். அன்று போட்டிருந்த உடுப்பைத் துவைத்துப் பையில் போட்டு வைக்க வேண்டும், தூக்கி எறிந்துவிடக் கூடாது. தேடி வருகிற உறவினர் அடையாளம் கண்டுகொள்வது சில நேரம் அந்த உடுப்பைத்தான். கொண்டு வந்தவர் பெயர், அடையாள அட்டை நகல், தொலைபேசி, கைரேகை. எந்த இடத்தில், எத்தனை மணிக்கு. பிள்ளை பேசிய மொழி, அம்மாவை எப்படிக் கூப்பிட்டது, பாடிய பாட்டின் வரிகள், சொன்ன ஊர்ப் பெயர்கள் உச்சரித்தபடியே. மச்சம், தழும்பு. எடை, உயரம், தடுப்பூசி அட்டை. காவல்துறை அறிக்கை, சமூகநலத் துறை அல்லது நீதிமன்ற ஆணை. பிறப்புப் பதிவு இல்லையென்றால் தாமதப் பதிவுக்கு அன்றே மனு. அது நகர மாதக்கணக்கில் ஆகும், பள்ளித் தேர்வு நெருங்கும்போது ஓடினால் நடக்காது.

மூன்று பிரதி: மூலம் தண்ணீர் புகாத பெட்டியில், நகல் நலத்துறையில், ஸ்கேன் கடவுச்சொல் போட்ட இடத்தில். கோப்பு எழுதுகிறவர் 'அம்மா இறந்துவிட்டார்' என்று கேட்டதையும் பார்த்ததையும் பிரித்து எழுத வேண்டும். 'மாமா சொன்னார்: இறந்துவிட்டாராம், சான்றிதழ் காட்டவில்லை.' இப்படி. பத்து வருஷம் கழித்து அந்தப் பிள்ளையே கோப்பைத் திறந்து படிக்கப் போகிறது, அந்த நினைப்போடு எழுதுங்கள்.

ஒவ்வொரு பிள்ளையும் இன்னும் இங்கே இருக்க வேண்டுமா என்று மூன்று மாதத்துக்கு ஒரு முறை உட்கார்ந்து பார்க்க வேண்டும். மேலே சொன்ன 2009 வழிகாட்டுதல் விரும்பும் கால அளவும் அதுதான்.

பழையசெருப்பு
18 ஜனவரி 2024

உறவினரைத் தேடிப் போகும்போது நீங்கள் போகாதீர்கள். இல்லத்தின் உள்ளூர் சமூகப் பணியாளர் போகட்டும், நடந்தோ பேருந்திலோ. வெளிநாட்டு முகமும் ஜீப்பும் வாசலில் நின்றால், பிள்ளை அங்கேயே இருந்தால்தான் நல்ல படிப்பு என்று பாட்டி முடிவு கட்டிவிடுவார். அல்லது நாளைக்குப் பத்துக் குடும்பம் தங்கள் பிள்ளையைக் கொண்டு வந்து விடும்.

படிகள் இப்படிப் போகும். முதலில் தொலைபேசி, பிறகு உறவினர் இல்லத்துக்கு வருவது, பிள்ளை பகலில் போய் வருவது, ஓரிரவு, ஒரு வாரம், அதன் பிறகே நிரந்தரம். பிள்ளைக்குத் தழும்போ பயமோ இருந்தால் முதல் படியிலேயே நிறுத்தி விசாரிக்க வேண்டும். எல்லா வீடும் திரும்பத்தக்க வீடு அல்ல. போன பிறகு முதல் வாரம், முதல் மாதம், மூன்றாம், ஆறாம், பன்னிரண்டாம் மாதம் என்று போய்ப் பார்க்க வேண்டும். இல்லத்தில் அந்தப் பிள்ளைக்கு ஆன செலவில் ஒரு பங்கைப் பள்ளிக் கட்டணமாக நேரே பள்ளிக்கே கட்டினால் பெரும்பாலான வீடுகள் தாங்கிக்கொள்ளும்.

சபைமணி
19 ஜனவரி 2024

எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டால் சுவிசேஷம் யாருக்குச் சொல்வது? மிஷனரி எதற்கு, சமூகப் பணியாளர் போதுமே.

பழையசெருப்பு
19 ஜனவரி 2024

ஐயா, சோற்றுத் தட்டை ஒரு கையில் வைத்துக்கொண்டு மறு கையில் வேதத்தை நீட்டினால் பிள்ளை தலையாட்டத்தான் செய்யும். அது விசுவாசம் ஆகாது. 1989 குழந்தை உரிமை உடன்படிக்கையின் 20-ம் பிரிவு, குடும்பத்தைப் பிரிந்த பிள்ளையின் இனம், மதம், பண்பாடு, மொழி அறுந்துபோகாமல் பார்த்துக்கொள்ளச் சொல்கிறது. பல நாடுகளில் இல்லத்தின் உரிமமே இதில்தான் தொங்குகிறது. பிறந்த குடும்பத்தின் மதத்தைக் கோப்பில் எழுதுங்கள். ஜெபத்துக்கு வராத பிள்ளைக்குச் சாப்பாடு, விளையாட்டு, பயணம் எதுவும் குறையக் கூடாது. நீங்கள் எப்படி வாழ்கிறீர்கள் என்பதை இல்லத் தாய்மாரும் பிள்ளைகளும் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள்.

சபைமணி
20 ஜனவரி 2024

யோசிக்கிறேன். முழுக்க ஒத்துக்கொள்ளவில்லை.

மாத்திரைடப்பா
22 ஜனவரி 2024

சாப்பாட்டை ஒளிச்சு வைக்கிறதைப் பத்தி யாரும் சொல்லலை. தலையணை உறைக்குள்ள ரொட்டி, மெத்தைக்கு அடியில பழத்தோல், எறும்பு வரிசை கட்டும். திருட்டு இல்லை அது, நாளைக்குக் கிடைக்குமோன்னு பயம். மூடி போட்ட சின்ன டப்பா ஒண்ணு, அந்தப் பிள்ளையோட நூல் கட்டி, கெடாத தீனி நாலு துண்டு. தினமும் சாயந்திரம் தாய் அவங்க கண்ணு முன்னாடி நிரப்பணும், காலியாகாட்டியும் திறந்து காட்டணும். நாளாக நாளாக டப்பாவைத் தொடாம தூங்கும். அதட்டிப் பிடுங்கினா வருஷம் ஆனாலும் போகாது.

படுக்கையில சிறுநீர் போற பிள்ளைக்குத் தண்ணியைக் குறைக்காதீங்க. மெத்தைக்கு மேல பிளாஸ்டிக் விரிப்பு, மாத்து விரிப்பு பக்கத்துலயே. காலையில எல்லார் கண்ணு முன்னாடியும் துணியைத் தூக்கிட்டு நடக்க விடாதீங்க.

புதுப்பயணி
25 ஜனவரி 2024

எங்கள் பிள்ளைகள்? அவர்களையும் இருபதோடு இருபத்தியிரண்டாக வளர்க்கலாம் என்று எங்களுக்கு ஒரு எண்ணம். வேறுபாடு காட்டக் கூடாதே.

பழையசெருப்பு
26 ஜனவரி 2024

வேண்டாம். கேட்க அழகாக இருக்கும், ஆனால் இரண்டு பக்கமும் காயம்தான். உங்கள் பிள்ளைக்கு அப்பா அம்மா இருக்கிறார்கள் என்பது அந்த இருபது பேருக்கும் தெரியும். மறைத்தால் பொய்யர் ஆவீர்கள். உங்கள் வீடு இல்லத்து மதிலுக்கு வெளியே, நடந்து போகிற தூரத்தில். இரவுச் சாப்பாடு குடும்பத்தோடு. வாரத்தில் ஒரு முழு நாள் இல்லத்து போன் மாற்று ஆளிடம்.

இல்லத்துப் பிள்ளைகள் சிலர் பார்க்கக் கூடாததைப் பார்த்து, படக் கூடாததைப் பட்டு வந்திருப்பார்கள். அறியாமலே அதை விளையாட்டில் கொண்டு வருவார்கள். ஏழு வயது, நாலு வயதுக்குத் தொடக் கூடாத இடம் எது, யார் கேட்டாலும் ரகசியம் காக்க வேண்டியதில்லை என்பதைக் கிளம்பும் முன்பே சொல்லிக் கொடுங்கள். அடைத்த கதவுக்குள் விளையாட்டு கிடையாது, உங்கள் பிள்ளைக்கும் சரி, அவர்களுக்கும் சரி. ஒரு பெரியவர் ஒரு பிள்ளையோடு மூடிய அறையில் தனியாக இருக்கக் கூடாது. போதகர், டாக்டர், நீங்கள் உட்பட.

படிப்பில் வீட்டுக் கல்வி, உள்ளூர்ப் பள்ளி, விடுதி மூன்றுக்கும் பாதகம் உண்டு. எதை எடுத்தாலும் தாய்நாட்டில் திரும்பச் சேரும் வகுப்பின் பாடத்திட்டத்தை வருஷத்துக்கு ஒரு முறை ஒப்பிட்டுப் பாருங்கள். மொழிப்பாடமும் கணக்கும்தான் முதலில் பின்தங்கும்.

பழையசெருப்பு
27 ஜனவரி 2024

நேற்று விட்டுப்போனது: உங்கள் பிள்ளைகளுக்கும் பிரிவு வலிக்கும். ஊர் விட்டு ஊர் மாறும் பிள்ளைகளுக்கு டேவிட் பொல்லாக் என்பவர் நாலு படி சொன்னார். சண்டைகளைத் தீர்த்துக்கொள், நன்றி சொல்லவேண்டியவர்களுக்குச் சொல், மனிதர்கள் முதல் நாய்க்குட்டி வரை முறையாக விடைபெறு, போகும் இடத்தைப் பற்றி உள்ளபடியே யோசி. போகும்போதும் வரும்போதும் செய்யுங்கள். விடுப்புக்கு ஊர் வரும்போது இல்லத்துப் பிள்ளைகளிடம் விடைபெறுவதும் இதே போலத்தான். சொல்லாமல் விடிகாலையில் கிளம்புவது மகா பாவம்.

பழையசெருப்பு
2 பிப்ரவரி 2024

பணம். வரிசையாகச் சொல்ல நேரமில்லை, எரிச்சல்கள் மட்டும்.

உங்கள் குடும்பப் பிழைப்புக்கு ஒரு கணக்கு, பிள்ளைகளுக்கு ஒரு கணக்கு. ஒன்றிலிருந்து மற்றதற்குக் கடன் கிடையாது, ஒரு நாளைக்கும் கிடையாது. பிள்ளைகள் கணக்கில் இரண்டு கையெழுத்து. கணவனும் மனைவியும் இரண்டு கையெழுத்து ஆகமாட்டார்கள். பணம் அனுப்பும் வங்கிக்கும் பெறும் வங்கிக்கும் நடுவில் இடைநிலை வங்கி ஒரு கட்டணத்தை உருவிவிடும். சின்னச் சின்னதாக மாதம் நாலு தடவை அனுப்பாமல் காலாண்டுக்கு ஒரு தடவை அனுப்பச் சொல்லுங்கள், எல்லாக் கட்டணமும் அனுப்புபவர் தலையில் என்று குறிக்கச் சொல்லுங்கள். பெறுபவர் பெயர் பதிவுச் சான்றில் இருப்பதோடு ஒரு எழுத்து மாறினாலும் பணம் திரும்பிவிடும். வரவுசெலவுத் திட்டத்தை இன்றைய நாணய மாற்று விகிதத்தில் போடாதீர்கள், பத்து சதவீதமாவது குறைத்துப் போடுங்கள். மூன்று மாதச் சாப்பாடும் சம்பளமும் தொடாத இருப்பாக வேண்டும். ஆறு மாதமாக இருந்தால் நிம்மதி.

'ஒரு தாங்குபவர், ஒரு பிள்ளை' முறையில், அதாவது ஒரு நன்கொடையாளர் ஒரு பிள்ளையின் செலவை ஏற்றுக்கொள்வதில், பணம் திரட்ட எளிது. ஒரு பிள்ளைக்குப் பிறந்தநாள் பார்சல் வரும், ஆறு பிள்ளை வேடிக்கை பார்க்கும். வீட்டுக்கு ஒரு தாங்கும் குழு என்று மாற்றுங்கள்.

மாத்திரைடப்பா
2 பிப்ரவரி 2024

பார்சல்னதும் ஞாபகம் வருது. கண்டெய்னர்ல பழைய துணி, பஞ்சு பொம்மை, தேதி முடியப்போற மருந்து. துறைமுகத்துல நிக்கிற வாடகையில அங்கயே புதுசு வாங்கிடலாம். நன்கொடை மருந்துக்கு உலக சுகாதார நிறுவன வழிகாட்டுதல் இருக்கு. வந்து சேரும்போது குறைஞ்சது ஒரு வருஷம் ஆயுள் மிச்சம் இருக்கணும், அந்த நாட்டு மருந்துப் பட்டியல்ல இருக்கணும். அரைப் பாட்டில் இருமல் மருந்தை அன்போடு அனுப்பறவங்களுக்கு அன்போடயே பதில் எழுதிடுங்க: "பணமா அனுப்புங்க."

பழையசெருப்பு
9 பிப்ரவரி 2024

விசா. சுற்றுலா விசாவில் போய் 'ஊழியம்தானே, வேலை இல்லையே' என்று சொல்ல முடியாது. சம்பளம் வாங்காவிட்டாலும் பெரும்பாலான நாடுகளில் அது வேலைதான். கணவருக்கு அனுமதி கிடைத்து மனைவிக்குச் சார்ந்தோர் விசா வந்தால், அவர் இல்லத்தில் பாடம் நடத்துவதுகூட விதிமீறலாக ஆகலாம். எழுத்தில் கேட்டு வாங்குங்கள். காவல்துறை நன்னடத்தைச் சான்று, திருமணச் சான்று, பிள்ளைகளின் பிறப்புச் சான்று எல்லாவற்றுக்கும் அப்போஸ்டில், அதாவது சான்றை வெளிநாட்டில் ஏற்க வைக்கும் அரசு முத்திரை. போகும் நாடு 1961 ஹேக் உடன்படிக்கையில் இல்லையென்றால் தூதரகச் சான்று. நன்னடத்தைச் சான்றுக்கு ஆயுள் குறைவு, அதைக் கடைசியில் எடுங்கள். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கேட்கும் நாடென்றால் ஊசி போட்டு பத்து நாள் கழித்தே சான்று செல்லும். 2016 ஜூலையிலிருந்து அது வாழ்நாள் முழுக்கச் செல்லும்.

இதையெல்லாம் விட முக்கியமானது ஒன்று. பிள்ளைகளின் சட்டப் பொறுப்பாளர் நீங்களாக இருக்கக் கூடாது. இல்லத்தின் பதிவு, வாடகை ஒப்பந்தம், வங்கிக் கையெழுத்து, பள்ளிப் படிவம், அறுவை சிகிச்சை ஒப்புதல், எல்லாம் உள்ளூர் நிர்வாகக் குழுவின் பெயரில். வெள்ளிக்கிழமை மாலை உங்கள் விசா நிராகரிக்கப்பட்டால் சனிக்கிழமை காலை பால் வாங்குவது யார் என்ற கேள்விக்குப் பதில் எழுத்தில் இருக்க வேண்டும். முதல் பதிவில் சொன்னதும் இதுதான், இங்கே அது சட்ட மொழியில் வருகிறது.

புதுப்பயணி
11 பிப்ரவரி 2024

சபை இளைஞர்கள் பத்துப் பேர் கோடையில் இரண்டு வாரம் வந்து உதவுவதாகச் சொல்கிறார்கள்.

பழையசெருப்பு
11 பிப்ரவரி 2024

சுவருக்கு வண்ணம் அடிக்கலாம், கணக்கை ஒழுங்குபடுத்தலாம், இல்லத் தாய்மாருக்குத் தையல் சொல்லிக் கொடுக்கலாம். பிள்ளையைத் தூக்கக் கூடாது.

போன உடனே முன்பின் தெரியாதவர் மடியில் ஏறி உட்கார்ந்து கழுத்தைக் கட்டிக்கொள்ளும் பிள்ளையைப் பார்த்து எல்லோரும் உருகுகிறார்கள். அது பாசம் இல்லை. யாரிடமும் ஒட்ட முடியாமல் போனதால் எல்லோரிடமும் ஒட்டுகிறது. இரண்டு வாரம் கழித்துப் பத்துப் பேர் விமானம் ஏறுவார்கள், அன்றிரவு அழுகிற பிள்ளையோடு உட்காரப்போவது இல்லத் தாய். 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபையின் குழந்தை உரிமைத் தீர்மானம் இல்லங்களைத் தேடி வரும் தன்னார்வச் சுற்றுலாவால் பிள்ளைகளுக்கு வரும் கேட்டைத் தடுக்கச் சொன்னது இதனால்தான்.

போட்டோவும் அப்படியே. ஜெபக் கடிதத்தில் முகம் வேண்டாம். கை, முதுகு, வரைந்த படம் போதும். படக்கோப்பில் பதிந்திருக்கும் இட விவரத்தை அழித்துவிட்டே அனுப்புங்கள். பெயரும் கதையும் சேர்த்து எழுதினால் பெயரை நீக்கினாலும் அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். வருகிற விருந்தினர் யாராவது 'இந்தக் குழந்தையை நாங்கள் தத்தெடுக்கலாமா' என்று கேட்டால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். 1993 ஹேக் தத்து உடன்படிக்கை, தகுதி முடிவாகும் முன் தத்தெடுக்க விரும்புவோரும் பிள்ளையின் பொறுப்பில் இருப்பவர்களும் தொடர்புகொள்வதைத் தடுக்கிறது. நலத்துறை முகவரியை மட்டும் கொடுத்துவிடுங்கள்.

புதுப்பயணி
3 மார்ச் 2024

வீட்டில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பேசினோம். இல்லத்துக்கு எழுதிக் கேட்டதில் இருபதில் பதினான்கு பேருக்கு உறவினர் இருக்கிறார்கள் என்று பதில் வந்தது. முதல் வருஷம் மொழி மட்டும் படித்துக்கொண்டு, தேடும் பணிக்கு இரண்டு உள்ளூர்ப் பணியாளர்களைத் தாங்குவது என்று சபையில் கேட்டிருக்கிறோம். பதினெட்டு வயது ஆகப்போகும் மூன்று பேரை என்ன செய்வது? கூட எதை எடுத்துப் போவது?

பழையசெருப்பு
3 மார்ச் 2024, இரவு

அந்த மூன்று பேருக்கு வேலை இன்றே தொடங்குகிறது, பதினெட்டில் தொடங்கினால் தாமதம். அடையாள அட்டை, வங்கிக் கணக்கு, சமையல், வாடகை ஒப்பந்தம் படிப்பது, மருத்துவமனையில் தனியாகச் சீட்டு வாங்குவது. ஆறு மாதம் வெளியே அறை எடுத்துத் தங்கட்டும், வாடகையை மாதாமாதம் குறைத்துக்கொண்டே வாருங்கள். பண்டிகைக்கு வர ஒரு வீடு வேண்டும், அது இல்லத் தாயின் வீடாக இருந்தால் நல்லது. கோப்பின் நகல் அவர்கள் கையில்.

எடுத்துப் போக: டிஜிட்டல் தெர்மாமீட்டர் நாலு, மேல்கை அளவு நாடா, தையல் நூல் கண்டு எவ்வளவு முடியுமோ அவ்வளவு, தண்ணீர் புகாத கோப்புப் பெட்டி, சின்ன ஸ்கேனர், எல்லோருக்கும் பாஸ்போர்ட் அளவுப் படம் இருபது. பாஸ்போர்ட் ஆயுள் குறைந்தது இரண்டு வருஷம் மிச்சம் இருக்கட்டும், ஆறு மாதத்துக்குக் கீழே போனால் பல நாடுகள் விசாவைப் புதுப்பிக்காது. பஞ்சு பொம்மை வேண்டாம்.

மாத்திரைடப்பா
4 மார்ச் 2024

பிளீச் அங்கயே வாங்கிக்குங்க, வாசனை சேர்க்காதது. தெளிஞ்ச தண்ணி 1 லிட்டருக்கு 5–6% பிளீச் ரெண்டு சொட்டு, அரை மணி நேரம் மூடி வைங்க, கலங்கலா இருந்தா துணியில வடிகட்டி நாலு சொட்டு. சொட்டுக் குப்பி மட்டும் இங்க இருந்து எடுத்துட்டுப் போங்க, அங்க கிடைக்கிற இடம் தேடிட்டு இருக்க முடியாது. பிளீச் பழசானா வீரியம் போயிடும், பாட்டில்ல வாங்கின தேதி எழுதி வைங்க.